பழைய காருக்கு வயர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் வன்னியில் வெறும் காட்சிப் பொருள்கள் அல்ல. பெற்றோல் தடைப்பட்டிருந்த போர்க்காலத்தில், சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய வண்டிகள் அவை. அவற்றை இன்று திருத்தி எடுப்பவர்கள் பெயின்றுக்கும் இருக்கைக்கும் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். வயரிங் என்று வந்தால் மட்டும் முதலில் கண்ட கடையில் ஒரு சுருள் சிவப்பு வயரோடு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. அந்தக் காலப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் ஹெட்லைற் வயருக்குப் பியூஸே கிடையாது. தவறான வயர் சூடேறினால் தடுத்து நிறுத்த இடையில் எதுவும் இல்லை.

முதல் தவறு கடைக்குப் போகும் முன்பே நடந்துவிடுகிறது. பழைய வயரிங் கட்டை வெட்டி எடுத்து, செம்புக்காகப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு கிளையும் எங்கே பிரிகிறது, எவ்வளவு நீளம், எந்தத் தடிப்பு என்பதற்கு அந்தக் கட்டைவிட நல்ல சாட்சி இல்லை. அதை முழுதாகக் கழற்றிப் பலகையில் விரித்து, நுனிகளில் பெயர் எழுதிக் கட்டுங்கள். வெளியே நிறம் மங்கியிருந்தாலும், சுற்றியிருக்கும் துணியைப் பிரித்தால் உள்ளே தெரியும். மண்ணிறம் பற்றரியிலிருந்து நேரே வருவது; வெள்ளை சாவியைத் திருப்பினால் உயிர் பெறுவது; பச்சை அதற்குப் பிறகு பியூஸைக் கடந்தது; நீலம் ஹெட்லைற்; சிவப்பு சிறிய விளக்குகள்; கறுப்பு ஏர்த். இதைப் பார்த்து நிறம், தடிப்பு, நீளம் மூன்றையும் எழுதிய பட்டியலோடுதான் கடைக்குப் போக வேண்டும்.

வீட்டு வயரை வாங்காதீர்கள். 1/1.13 என்பது ஒரே கம்பி, 7/0.67 என்பது ஏழு தடித்த கம்பிகள். சுவருக்குள் அசையாமல் கிடக்க அவை போதும். குண்டும் குழியுமான குறுக்கு வீதியில் நாள் முழுதும் அதிரும் காரில், திருகாணி பிடித்த இடத்தில் அவை முறிந்துவிடும்.

மிகுதியாக ஏமாறுவது தடிப்பில்தான். "இரண்டு மில்லிமீற்றர் வயர்" என்று கடைக்காரர் எடுத்துத் தருவார். அது செம்பின் குறுக்குப் பரப்பா, பிளாஸ்ரிக் உறையோடு சேர்ந்த விட்டமா என்று கேளுங்கள். உறை தடித்து, உள்ளே நாலு இழை மட்டும் இருக்கும் வயர்கள் தாராளமாக விற்பனையில் உள்ளன. நுனியை உரித்து இழைகளை எண்ணுங்கள். ஓர் இழையின் விட்டத்தை மைக்ரோமீற்றரால் அளவிடுங்கள். 0.30 மில்லிமீற்றர் இழை 14 இருந்தால் ஒரு சதுர மில்லிமீற்றர், ஏறத்தாழ 8¾ அம்பியர் தாங்கும். 28 இழை 17½ அம்பியர். 44 இழை 27½ அம்பியர். மண்ணிற மூல வயருக்கு இதற்குக் குறையாதீர்கள்.

ஹெட்லைற்றில் 60 வாட் ஹலஜன் குமிழ்கள் இரண்டு போட்டிருந்தால் அவை 10 அம்பியர் இழுக்கும். நாலு மீற்றர் தூரத்துக்கு 14 இழை வயரைப் போட்டால் முக்கால் வோல்ற் வழியிலேயே தொலைகிறது. வெளிச்சத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். இரவில் மாடுகள் படுத்திருக்கும் பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் அந்த ஐந்தில் ஒரு பங்கு சின்ன விடயம் அல்ல. 28 இழை போட்டால் இழப்பு பாதியாகும்.

செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் இன்னொரு பொறி. பார்வைக்குச் சிவப்பாக மின்னும். மின்னைக் கடத்துவது செம்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். இணைப்புகளில் விரைவில் அரித்தும் போகும். ஓர் இழையைப் பேனாக்கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெளியே வெள்ளையாக இருந்து, சுரண்டும்போது உள்ளே சிவந்தால் அது வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு. கடலோரத்தில் ஓடும் காருக்கு அதுவே மிகச் சிறந்தது. வெள்ளை நிறத்தைக் கண்டதும் பலர் அதைத்தான் ஒதுக்குகிறார்கள்!

உடைத்து விற்கும் யப்பான் வாகனங்களின் வயரை ஒரேயடியாகத் தள்ள வேண்டியதில்லை. கபினுக்குள் ஓடியதை எடுங்கள். எஞ்சின் பக்கத்தை விடுங்கள். இரண்டு அங்குலம் உரித்துப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் ஈரம் உள்ளே போய்விட்டது. அது ஈயப்பற்றையும் ஏற்காது.

கோடு போட்ட நிற வயர்கள் உள்ளூரில் கிடைக்காவிட்டால் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடிப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால், ஒவ்வொரு வயரின் இரு நுனியிலும் சூட்டில் சுருங்கும் நிறக் குழாயைப் போட்டு, அதன்படி வரைபடத்தையும் திருத்துங்கள். முழுக் காருக்கும் ஒரே சிவப்பைப் போட்டால், பிறகு பிழை தேடுகிறவர் ஒவ்வொரு வயராக உருவிப் பார்க்க வேண்டியதுதான்.

ரேப் வாங்கும்போது பசையில்லாத வயரிங் ரேப்பையே கேளுங்கள். சாதாரண பசை ரேப் வன்னி வெயிலில் இளகி வழியும். செம்புழுதி அதில் அப்பிக்கொள்ளும். பசை ரேப்பைக் கடைசிச் சுற்றை நிறுத்துவதற்கு மட்டும் பாவியுங்கள், அதுவும் எல்லா வயரையும் மல்ரிமீற்றரால் சோதித்த பிறகு.