குரூக் பாதையை நடந்து பார்ப்பது எப்படி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், படைத்தலைவர் ஜார்ஜ் குரூக்கின் பெயரைத் தாங்கிய மலைப்பாதையை நடந்து பார்க்க விரும்புவோர், முதலில் முழுப் பாதையையும் முடிக்கும் எண்ணத்தைக் கைவிட வேண்டும். விப்பிள் கோட்டையிலிருந்து வெர்டே கோட்டை வழியாக அப்பாச்சி கோட்டை வரை சுமார் 320 கிலோமீட்டர் நீளும் இதில், மகியோன் விளிம்பு என்னும் நெடிய செங்குத்துச் சரிவின் மேல்விளிம்பை ஒட்டிய பகுதியே நடப்பதற்கு உகந்தது. (ஆங்கில எழுத்தைக் கூட்டினால் மொகொல்லோன் என்றுதான் வாய் வரும்; அங்குள்ளவர்கள் மகியோன் என்கிறார்கள்.)

1871இல் அரிசோனாவுக்கு வந்த குரூக், அப்பகுதியின் பூர்வகுடிகளான அப்பாச்சி மக்களுக்கு எதிரான போரில் கோட்டைகளுக்குச் சரக்கு கொண்டுசெல்ல வழி தேடினார். பொதி சுமக்கும் கோவேறு கழுதைகளைப் பெரிதும் நம்பிய அவர் வகுத்த தடம், 1872இல் தொடங்கிய வேலையால் வண்டிச்சாலையாக மாறியது.

பழைய தடத்தை இனங்காண்பதுதான் இந்த நடையின் கடினமான, சுவையான பகுதி. படைவீரர்கள் மரத்திலும் பாறையிலும் ‘வி’ என்ற ஆங்கில எழுத்தையும் அதனருகே ஓர் எண்ணையும் செதுக்கினர். வெர்டே கோட்டையிலிருந்து எத்தனை மைல் என்பதே அதன் பொருள். மரத்தில் செதுக்கியதைப் பட்டை வளர்ந்து மூடியிருக்கலாம் என்பதால் பாறைகளைத் தேடுவதே பலன் தரும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது, நண்பகலில் வெறும் கீறலாகத் தோன்றிய கோடுகள் நிழல் கட்டி எழுத்தாகத் தெளியும். படத்தில் நன்றாக விழ வேண்டுமென்று அவற்றின்மேல் சுண்ணக்கட்டியால் தீட்டக் கூடாது. பழங்குறிகள் இல்லாத இடங்களில், பிற்காலத்தில் சாரணர்கள் மரங்களில் பதித்த வெள்ளை நிற ‘வி’ வடிவக் குறிகள் வழிகாட்டும். இரண்டும் தென்படாவிட்டால், கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்பிவந்து மறுபடி தேடுவதே முறை. 300ஆம் எண் வனச்சாலை பழைய பாதையோடு பின்னிப் பின்னிச் செல்வதால், அச்சாலையே பாதை என்று மயங்குவது எளிது.

7,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் குளிர்காலப் பனி வழியை மறித்துவிடும். ஜூலை தொடங்கி செப்டம்பர் நடுப்பகுதி வரை பிற்பகல்தோறும் இடிமழையை எதிர்பார்க்கலாம் என்பதால், அம்மாதங்களில் விடியலில் கிளம்பி நண்பகலுக்குள் விளிம்பை விட்டு விலகிவிட வேண்டும். என் தேர்வு செப்டம்பர் இறுதியும் அக்டோபரும். ஊற்றுகளை நம்பாமல் தண்ணீரைச் சுமந்தே செல்ல வேண்டும். குரூக்கின் நினைவாகப் பெயர் பெற்ற ஜெனரல் ஊற்றும் இதற்கு விலக்கல்ல. கிழக்குப் பகுதியில் வெள்ளைமலை அப்பாச்சி மக்களின் நிலத்துக்குள் நடக்க எண்ணுவோர், அவர்களின் அனுமதிச்சீட்டை முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும்.