தாமரை இலையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பது எப்படி?

கல்லூரி லேபில் இருக்கும் மைக்ரோஸ்கோப்பில் 1000 மடங்கைத் தாண்டினால் படம்தான் பெரிதாகும், விவரம் கூடாது. சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே உள்ளதைப் பிரித்துக் காட்ட ஒளியால் முடியாது. தாமரை இலைமேல் இருக்கும் மெழுகுக் குழல்களின் தடிமனோ 100 நானோமீட்டர் அளவுதான். இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருள்வதற்கும் தூசியை அள்ளிக்கொண்டு போவதற்கும் அந்த மெழுகும், அதைத் தாங்கும் மொட்டு மொட்டான மேடுகளும்தான் காரணம். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் பார்த்லாட்டும் நைன்ஹூயிஸும் இதை எழுதியது 1997-இல். அந்த மெழுகையும் மேடுகளையும் நீங்களும் படம் எடுக்கலாம். தேவை ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப், அதாவது ‘செம்’. ஒளிக்குப் பதில் எலக்ட்ரான் கற்றையை மேற்பரப்பில் ஓடவிட்டுப் படம் எடுக்கும் கருவி இது.

1. நேரம் வாங்குங்கள்

உங்கள் பல்கலைக்கழகத்தில் செம் இல்லையென்றால், நாட்டின் ஆய்வுக் கருவிகளைப் பட்டியலிடும் ஐ-ஸ்டெம் இணையதளத்தில் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று தேடலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள சாய்ஃப் (பொது ஆய்வுக் கருவி மையம்) போன்ற மையங்கள் வெளியாட்களின் சாம்பிளையும் எடுத்துக்கொள்கின்றன. படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். ஈரமா, பொடியா, காந்தத்தில் ஒட்டுமா என்று கேட்பதெல்லாம் கருவியைக் காப்பாற்றத்தான்.

2. எதைப் பார்க்கப் போகிறீர்கள்?

பலர் தாண்டிப் போகும் படி இது. செம்முக்குள் வெற்றிடம் என்பதால் சாம்பிள் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஆனால் எப்படிக் காயவைப்பது என்பது நீங்கள் தேடும் விஷயத்தைப் பொறுத்தது.

மெழுகுதான் வேண்டும் என்றால் ஆல்கஹால், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், மெழுகு கரைந்துவிடும். இலையை 5 மில்லிமீட்டர் சதுரமாக வெட்டி, ஃபோர்செப்ஸால் ஓரத்தை மட்டும் பிடித்து, ஃபில்டர் பேப்பர்மேல் வைத்து, சிலிகா ஜெல் போட்ட டெசிகேட்டரில் (ஈரத்தை உறிஞ்சும் மூடிய பாத்திரம்) ஓரிரு நாள் விடுங்கள். அடியில் உள்ள செல்கள் கொஞ்சம் சுருங்கும், பரவாயில்லை. மேற்பரப்பில் விரல் படவே கூடாது. பட்ட இடத்தில் மெழுகு நசுங்கிப்போகும், படத்தில் அது அப்படியே தெரியும்.

செல்லின் வடிவமும் இலைத்துளைகளும்தான் முக்கியம் என்றால் வழி வேறு. செல்லின் வடிவம் குலையாமல் நிலைநிறுத்தும் ரசாயனமான குளூட்டரால்டிஹைடின் 2.5% கரைசலில் குளிர்ப்பெட்டியில் ஓர் இரவு ஊறட்டும் (ஃபியூம் ஹூட், கையுறை இரண்டும் கட்டாயம்). பஃபரில் (அமில-காரத்தன்மை மாறாத கரைசல்) கழுவி 30, 50, 70, 90, 100 சதவீத எத்தனாலில் படிப்படியாக மாற்றுங்கள். அதோடு விட்டுக் காற்றில் உலர்த்தினால், ஆவியாகும் திரவத்தின் பரப்பு இழுவிசை செல்களை அப்பளமாக நசுக்கிவிடும். அதனால் கிரிட்டிக்கல் பாயின்ட் டிரையர். உள்ளே எத்தனாலின் இடத்தைத் திரவ கார்பன் டை ஆக்சைடு பிடிக்கும். 31 டிகிரி செல்சியஸ், 73 வளிமண்டல அழுத்தத்தைத் தாண்டியதும் திரவம், வாயு என்ற எல்லையே இல்லாமல் வெளியேறிவிடும். இன்னொன்று, தாமரைக்கு இலைத்துளைகள் மேற்பக்கம்தான். வழக்கம்போல் அடிப்பக்கத்தைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

3. ஒட்டுதல், பூச்சு

சாம்பிளைத் தாங்கும் சின்ன அலுமினிய வட்டான ஸ்டப்மேல் கார்பன் டேப் ஒட்டி அதன்மேல் துண்டை வையுங்கள். ஓரத்தில் சில்வர் பெயின்ட் ஒரு தீற்று தீற்றினால் மின்சாரம் இறங்க வழி கிடைக்கும். சாம்பிளின் எண்ணை ஸ்டப்பின் அடியில் எழுதுங்கள். பூச்சுக்குப் பிறகு எல்லாத் துண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அப்புறம் ஸ்பட்டர் கோட்டரில் (மெல்லிய உலோகப் பூச்சு போடும் கருவி) சுமார் 10 நானோமீட்டர் தங்கம். பூசாவிட்டால் எலக்ட்ரான் இலைமேலேயே தேங்கி, படம் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும், நகரவும் செய்யும். தனிமங்களையும் அளக்கப் போகிறீர்களா? அப்படியென்றால் கார்பன் பூச்சு கேளுங்கள். ஒவ்வொரு தனிமத்தையும் அது வெளிவிடும் எக்ஸ்ரேயை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். தங்கத்தின் எக்ஸ்ரே கோடு 2.12 கிலோ எலக்ட்ரான் வோல்ட், பாஸ்பரஸ் 2.01, கந்தகம் 2.31. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

4. கருவியில்

ஆபரேட்டர் பக்கத்தில் இருப்பார், கூச்சப்படாமல் கேளுங்கள். எலக்ட்ரான்களை முடுக்கும் மின்னழுத்தத்தை 5 கிலோவோல்ட்டில் தொடங்கலாம். குறைந்த உருப்பெருக்கத்தில் இடம் தேடி, தேவையானதைவிட அதிக உருப்பெருக்கத்தில் ஃபோகஸ் செய்துவிட்டு இறங்கி வாருங்கள்.

ஃபோகஸை இப்படியும் அப்படியும் திருப்பும்போது படம் ஒருமுறை ஒரு திசையிலும் ஒருமுறை அதற்குச் செங்குத்தான திசையிலும் இழுபட்டால் அது அஸ்டிக்மாட்டிசம், அதாவது கற்றை வட்டமாகக் குவியாத குறை. இழுபடாத நடுநிலையில் நிறுத்தி, ஸ்டிக்மேட்டர் எக்ஸ், ஒய் குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கூர்மையாக்குங்கள். கையில் பழக இதற்குத்தான் நேரம் பிடிக்கும். பழகும் வேலையை உங்களுக்கு வேண்டாத ஓர் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரே இடத்தில் கற்றை நின்றால் மெழுகு உருகும்.

500, 2000, 10000 மடங்கில் ஒவ்வொரு படம், பிறகு ஸ்டேஜை 45 டிகிரி சாய்த்து ஒன்று. சாய்த்தால்தான் மேடுகளின் உயரம் தெரியும். டிஃப் கோப்பாக, அளவுகோல் கோட்டோடு சேமியுங்கள். படத்தைச் சுருக்கி அச்சிட்டதும் ‘10000 மடங்கு’ என்பது பொய்யாகிவிடும். கோடு படத்தோடு சேர்ந்தே சுருங்கும்.

பூசிய ஸ்டப்பைத் தூக்கிப் போட்டுவிடாமல் டெசிகேட்டரில் வையுங்கள். கைடு இன்னொரு படம் கேட்டால் திரும்ப இலை வெட்ட வேண்டியிருக்காது.