பெனிசிலின் ஊசி: புதிதாக வார்டுக்கு வந்த செவிலியருக்கு

ஊசியை எப்படிக் குத்துவது என்றுதான் புதிதாக வந்தவர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள். அது நாலு நாளில் கை பழகிவிடும். பெனிசிலின் வகை மருந்தில் என்னை இன்றும் கவனமாக வைத்திருப்பது குத்துவதற்கு முன் கேட்கும் கேள்வியும், குத்திய பிறகு பக்கத்தில் நிற்கும் நேரமும்தான்.

படி 1: கேளுங்கள்

"அலர்ஜி இருக்கா?" என்று மட்டும் கேட்டால் பலர் இல்லை என்று தலையாட்டிவிடுவார்கள். "முன்பு ஏதாவது மாத்திரையோ ஊசியோ எடுத்தபோது உடம்பில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். அப்போதுதான் "ஆமா, ஒரு தடவை உதடு வீங்கிச்சு" என்பார்கள். எந்த மருந்து, எவ்வளவு நேரத்தில் வந்தது, என்ன சிகிச்சை கொடுத்தார்கள் என்பதையும் விசாரியுங்கள். பெனிசிலினுக்கு நெருங்கிய உறவான செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக் ஒத்துக்கொண்டதா என்றும் கேளுங்கள். வெறும் குமட்டலை அலர்ஜி என்று சொல்பவர்களும் உண்டு. அது பெரும்பாலும் பக்கவிளைவுதான். ஆனாலும் நீங்களாக முடிவுகட்ட வேண்டாம். சொன்னதை அப்படியே எழுதி, டோஸ் கொடுக்கும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 2: மூலப்பெயரைப் படியுங்கள்

ஆம்பிசிலின், அமாக்சிசிலின் என்றால் பெயரே காட்டிக்கொடுக்கும். பிராண்ட் பெயரில் பல நேரம் 'சிலின்' என்ற அந்த வால் இருக்காது; அதனால் லேபிளில் மருந்தின் மூலப்பெயரைத் தேடிப் படியுங்கள். பிப்பராசிலின்–டாசோபாக்டம் கலவையும் இதே குடும்பம்தான்.

பென்சதைன் பெனிசிலின் பால்போல வெள்ளையாக இருக்கும். தசையில் ஆழமாக மட்டுமே போட வேண்டும். ரத்தக் குழாய்க்குள் போனால் இதயமே நின்றுவிடலாம்.

படி 3: போடும் முன்

கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எழுதியிருந்தால் முதல் டோஸுக்கு முன் மாதிரி எடுத்துவிடுங்கள். சிறுநீரகம் பழுதானவர் என்றால் டோஸ் சரிதானா என்று கேளுங்கள். மருந்து உடம்பில் தேங்கினால் வலிப்பு வரலாம். ஜென்டாமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்குடன் ஒரே சிரிஞ்சில் கலக்காதீர்கள், ஜென்டாமைசினின் வீரியம் போய்விடும்.

படி 4: பக்கத்தில் நில்லுங்கள்

கடும் ஒவ்வாமைக்கு முதலில் கொடுக்கும் அட்ரினலின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். முன்கூட்டிச் சிறிதளவு கொடுத்துப் பார்க்கும் டெஸ்ட் டோஸ் சரியாக இருந்தது என்று நகர்ந்துவிடாதீர்கள்; அதற்குப் பிறகும் ஒவ்வாமை வரலாம். முதல் 30 நிமிடம் கண் அவர்மேல் இருக்கட்டும். மூச்சு இழுத்தாலோ, குரல் கரகரத்தாலோ, ரத்த அழுத்தம் இறங்கினாலோ உடனே மருந்தை நிறுத்தி ஆள் கூப்பிடுங்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரட்டும். வார்டு நெறிமுறைப்படி அட்ரினலினைத் தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 0.5 மில்லிகிராம், 5 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும். அலர்ஜி ஊசியும் ஸ்டீராய்டும் அதற்கு ஈடாகாது. அவற்றைத் தேடி நேரத்தை இழக்காதீர்கள்.

படி 5: வீட்டுக்குப் போகும்போது

ஆம்பிசிலின் வெறும் வயிற்றில், அமாக்சிசிலின் எப்போது வேண்டுமானாலும், கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த அமாக்சிசிலின் சாப்பிடத் தொடங்கும்போது. அப்புறம் இதையும் சொல்லி அனுப்புங்கள்: மருந்து முடிந்து சில வாரம் ஆன பிறகும் தண்ணீராக வயிற்றுப்போக்கு வந்தால், அதை நிறுத்தத் தானாக மாத்திரை வாங்கிப் போடாமல் மருத்துவரிடம் வர வேண்டும்.