ஓதம் பார்க்காமல் பாட்டிலை முக்காதீர்கள்

போன வாரம் பழையாறு துறைமுகத்துக்குப் பக்கத்தில், கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில், முதலாண்டு கடலியல் மாணவர்கள் தண்ணீர் எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாங்கள் படித்த காலத்தில் என்ன செய்தோமோ அதையே அச்சு மாறாமல் செய்தார்கள். பாட்டிலில் பெயர் எழுத மறப்பது, கருவியைக் கழுவாமல் பெட்டியில் வைப்பது எல்லாம் ஒரு முறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும், அதை நான் எழுத வேண்டியதில்லை. பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்களும் செய்கிற தவறுகள் சில இருக்கின்றன. அவை வேறு; அவற்றில் பெரியது ஓதத்தை, அதாவது முக்கியமாக நிலாவின் இழுப்பால் கடல் மட்டம் ஏறி இறங்குவதை, பார்க்காமல் தண்ணீர் எடுப்பது.

காற்று எங்கிருந்து, நீரோட்டம் எங்கே

காற்றுக்கு அது வருகிற திசையால் பெயர், நீரோட்டத்துக்கு அது போகிற திசையால் பெயர். வாடை வடக்கிலிருந்து வருவது என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே பிள்ளை கல்லூரிக்கு வந்து 'தெற்கு நீரோட்டம்' என்று பார்த்ததும், காற்றைப் போலவே நினைத்துக்கொண்டு, அம்புக்குறியைத் தெற்கிலிருந்து வடக்கே இழுத்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுகிறது. காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே பக்கம்தான் போகின்றன, படத்தில் மட்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு நிற்கும்! பங்குனி வாக்கில் அந்த நீரோட்டம் வடக்கே திரும்பியிருக்கும். ஒவ்வொரு அம்புக்குறிக்கும் பக்கத்தில் 'இருந்து' அல்லது 'நோக்கி' என்று எழுதிவிட்டுத்தான் அடுத்ததை வரையுங்கள்.

35

ஒரு கிலோ கடல் நீருக்கு 35 கிராம் உப்பு என்பது உலகக் கடல்களின் சராசரி. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டுகிற வங்கக் கடலில் 31 வந்தால் கருவி தவறு என்று அதைத் திருகாதீர்கள்.

சனிக்கிழமை காலை ஏழு மணி

இதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. எங்கள் குழுவுக்குக் கொடுத்த வேலை, கொள்ளிட முகத்துவாரத்தில் உப்பளவு வாரத்துக்கு வாரம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது. வகுப்பு இல்லாத நாள் சனிக்கிழமை, முதல் பஸ்ஸைப் பிடித்தால் ஏழு மணிக்குப் போய்விடலாம், ஒரே இடம், ஒரே நேரம், இதைவிட ஒழுங்காக ஒரு ஆய்வு செய்ய முடியாது என்று நம்பினோம். முதல் சனிக்கிழமை 29 வந்தது, அடுத்தது 14, அப்புறம் 28, அப்புறம் 13. மேலே எங்கோ மழை பெய்து ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஆற்றில் நல்ல தண்ணீர் வந்திருக்கிறது என்று பன்னிரண்டு பக்கத்துக்கு அறிக்கை எழுதினோம்.

மழையே இல்லை. நிலாதான்.

நம் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு உயர் ஓதம், இரண்டு தாழ் ஓதம். ஒரு உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதாவது இன்றைக்குக் காலை ஏழுக்கு உச்சத்தில் இருந்த தண்ணீர் நாளைக்கு ஏறக்குறைய 7.50க்குத்தான் உச்சத்துக்கு வரும். தினம் 50 நிமிடம் தள்ளிப்போனால் ஏழு நாளில் 350 நிமிடம், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். போன சனிக்கிழமை ஏழு மணிக்கு ஏற்றம் என்றால் இந்தச் சனிக்கிழமை அதே ஏழு மணிக்கு வற்றம். நாங்கள் ஒரு வாரம் கடலை அள்ளினோம், மறு வாரம் ஆற்றை அள்ளினோம். கடிகாரம் மட்டும் ஒரே நேரத்தைக் காட்டியது.

படகோட்டி ஐயா இரண்டாம் வாரமே கேட்டார், "ஏன் தம்பி, ஏத்தத்துல ஒண்ணு அள்ளிட்டு வத்தத்துல ஒண்ணு அள்ளுனா ரெண்டும் எப்படிப்பா ஒத்துப்போகும்?" என்று. நாங்கள் தலையாட்டிவிட்டு பாட்டிலை மூடினோம். வாய்மொழித் தேர்வில் அதே கேள்வியை வெளியிலிருந்து வந்த பேராசிரியர் கேட்டபோது எங்கள் நோட்டில் தேதி இருந்தது, நேரம் இருந்தது, ஓதம் இல்லை. அதற்குள் பருவம் முடிந்து ஆறு வற்றிவிட்டது. படகு வாடகையை வீட்டில் கேட்டு வாங்கியிருந்தோம். அந்தத் தண்ணீரை மறுபடி அள்ள வழியே கிடையாது.

நாகை கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட இல்லையே, அதற்கா இவ்வளவு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். டெல்டாவின் தரை அவ்வளவு தட்டை. ஆற்றில் வரத்து குறைந்த நாளில் அரை மீட்டர் ஏற்றமே உப்புத் தண்ணீரை உள்ளே வெகுதூரம் தள்ளிவிடும், கடைமடை விவசாயியைக் கேட்டால் சொல்வார்.

இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. அதில் பக்கத்துத் துறைமுகத்தின் நேரத்தைப் பாருங்கள். முகத்துவாரத்துக்குள் அந்த நேரம் முன்பின் ஆகும், அதனால் படகுத்துறையில் ஒரு அளவுகோலை நட்டு அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீர் மட்டத்தைக் குறியுங்கள். உயர் ஓதத்தில் எடுப்பதென்றால் எல்லா வாரமும் உயர் ஓதத்திலேயே எடுங்கள், அது விடியற்காலை நான்கு மணியானாலும் சரி. முடிந்தால் ஒரே நாளில் பதின்மூன்று மணி நேரம் உட்கார்ந்து மணிக்கு ஒரு பாட்டில் எடுங்கள்; வாரம் ஒன்றாகப் பல மாதம் எடுப்பதைவிட அது ஆற்றைப் பற்றி அதிகம் சொல்லும். நோட்டில் திதியையும் எழுதுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் பெரிது, அஷ்டமியை ஒட்டிச் சிறிது. கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஆழம்

உப்புத் தண்ணீர் கனமானது, அடியில்தான் நுழையும். மேலே மட்டும் அள்ளாதீர்கள்.

சுனாமியும் ஓதமும்

2004 டிசம்பர் 26 பௌர்ணமி. அதனால்தான் கடல் பொங்கியது என்று இன்னும் எழுதுகிறார்கள். நிலாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சுமத்ராவுக்கு அப்பால் கடல் தரை உடைந்து எழும்பியது, 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் அலை கிளம்பியது, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு இங்கே வந்தது. இன்னொரு தவறான பதிலையும் நான் ஒரு தாளிலும் விட்டுவைப்பதில்லை: சுனாமிக்கு முன் கடல் கட்டாயம் உள்வாங்கும் என்பது. தாய்லாந்துக் கரையில் அப்படி நடந்தது. உடைப்புக்கு மேற்கே இருந்த நம் கரைக்கு முதலில் வந்தது ஏற்றம். கடல் உள்வாங்கட்டும், பிறகு ஓடலாம் என்று ஒரு பிள்ளை நாகை கடற்கரையில் நிற்கக் கூடாது.