சோழப் பேரரசு தளர்ந்த வரலாற்றைக் கோயில் சுவர்களில் படிப்பது எப்படி?

சோழப் பேரரசு ஏன் வீழ்ந்தது என்று கேட்டால், பாண்டியர் எழுச்சி பெற்றனர் என்ற ஒற்றை விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. அது பிழையன்று, ஆனால் மிகவும் குறைவான விடை. அந்தத் தளர்ச்சியை நேரில் கண்டவர்கள் அதைக் கல்லில் பொறித்து வைத்துச் சென்றிருக்கிறார்கள் என்பதால், தொல்லியல் துறை வெளியிட்டுள்ள கல்வெட்டுத் தொகுதிகளையும் கொஞ்சம் பொறுமையையும் துணையாகக் கொண்டால், எவரும் அதைப் படித்தறியலாம்.

முதலில் காலத்தைக் கணக்கிடப் பழகிக்கொள்ளுங்கள். கல்வெட்டில் மன்னர் பெயரை ஒட்டி வரும் ‘யாண்டு’ என்பது அவருடைய ஆட்சியாண்டு. அதை ஆட்சி தொடங்கிய ஆண்டோடு கூட்டி ஒன்றைக் கழித்தால் ஏறத்தாழச் சரியான காலம் கிடைத்துவிடும். 1178இல் பட்டமேறிய மூன்றாம் குலோத்துங்கனின் 10ஆம் யாண்டு 1187ஐ ஒட்டியது. ஒரே பெயருடைய மன்னர்கள் பலர் உண்டு என்பதால் அவசரப்பட வேண்டாம். இராசகேசரி, பரகேசரி என மாறி மாறி வரும் பட்டங்களும், மன்னரின் புகழைப் பாடும் கல்வெட்டு முன்னுரையான மெய்க்கீர்த்தியின் தொடக்கச் சொற்களுமே ஆளை அடையாளம் காட்டும்.

அடுத்து, கல்வெட்டில் பேசுபவர் யார் என்று பாருங்கள். என் அனுபவத்தில் இந்த ஒரு கேள்வியே மற்ற எல்லாவற்றையும் திறந்து வைக்கும் சாவி. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிலில் ஆணையிடுபவர் மன்னர். அதிகாரிகள் அதை நிறைவேற்றுபவர்கள். அங்கிருந்து ஏறத்தாழ 160 ஆண்டுகள் தள்ளி, மயிலாடுதுறைப் பக்கத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டுக்கு வாருங்கள். இரண்டாம் இராசராசனின் மக்கள் பச்சிளங் குழந்தைகளாக இருந்த நிலையில், பல்லவராயர் என்ற அதிகாரி அவர்களைப் பாதுகாத்து, விக்கிரம சோழனின் பேரனுக்கு இராசாதிராசன் என்று முடிசூட்டுவித்த செய்தியை அது சொல்கிறது. அரசனை ஆக்குபவர் அதிகாரி என்ற நிலை அங்கே கண்கூடாகத் தெரிகிறது. அதே கல்வெட்டு, பாண்டியர் வாரிசுப் போரில் ஈழத்துப் பராக்கிரமபாகு படையனுப்பியதையும், சோழர் அதில் இறங்கியதையும் விவரிக்கிறது.

மூன்றாவதாக, சிற்றரசர்களின் பெயர்களைத் தனியே குறித்து வாருங்கள். சம்புவராயர், காடவராயர், மலையமான், வாணகோவரையர் ஆகியோர் மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு, இன்னார்க்கு இன்னார் துணை என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். கல்வெட்டின் தலைப்பில் சோழன் பெயர் இருக்கும். ஆனால் உடன்பாடு அவனைக் கேட்டுச் செய்ததாக இருக்காது. பேரரசு வெளிப்பகையால் மட்டுமே சாய்ந்தது என்று எண்ணுபவர்கள் இந்தக் கல்வெட்டுகளை அவசியம் படிக்க வேண்டும்.

நான்காவதாக, எதிரிகள் இருவரின் மெய்க்கீர்த்திகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள். குலோத்துங்கன் மதுரையைக் கொண்டு, பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்தான். 1216இல் பட்டமேறிய மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தை எனப்படும் உறையூரையும் எரியூட்டி, இடித்த இடங்களைக் கழுதை கொண்டு உழுது கவடி (சோழி) விதைத்ததாகப் பெருமையோடு சொல்கிறான். பின்னர் சோழநாட்டைத் திருப்பித் தந்து ‘சோணாடு வழங்கியருளிய’ என்று பட்டமும் சூட்டிக்கொண்டான். மதுரையில் நடந்த அவமதிப்பு ஒரு தலைமுறைக்குள் காவிரிக்கரைக்குத் திரும்பி வந்தது என்றே நான் இதைப் படிக்கிறேன். அந்த அழிவுக்கு இடையிலும், பட்டினப்பாலை பாடிய புலவருக்குரிய பதினாறுகால் மண்டபத்தை மட்டும் அவன் விட்டுவைத்ததாகத் திருவெள்ளறைப் பாடல் கல்வெட்டு சொல்வதை மறவாமல் தேடிப் படியுங்கள்.

இவ்வளவையும் படித்த பிறகே கடலூரை அடுத்த திருவந்திபுரத்துக்குச் செல்லுங்கள். இந்தப் பயணத்தில் நெஞ்சை அறுக்கும் இடம் அதுதான். 1231ஐ ஒட்டிக் காடவன் கோப்பெருஞ்சிங்கன் சோழ மன்னன் மூன்றாம் இராசராசனைச் சிறைப்பிடித்துச் சேந்தமங்கலத்தில் வைத்தான். செய்தி கேட்ட போசள (ஹொய்சள) மன்னன் வீரநரசிம்மன், அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்னும் இரு தண்டநாயக்கர்களை, அதாவது படைத்தலைவர்களை, அனுப்பி இராசராசனை மீட்டான். கங்கைவரை படை நடத்திய குலத்தின் பேரரசன், தன் சிற்றரசனின் சிறையிலிருந்து அயல்மன்னன் தயவால் வெளிவந்த செய்தி அங்கே கோயில் சுவரில் இருக்கிறது. சோழ அரசு அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக, 1279வரை, மூன்றாம் இராசேந்திரனோடு பெயரளவில் நீடித்தது.

எஞ்சியது எது என்று அறிய வேறு வகையான பார்வை தேவை. கோபுரங்களையும் செப்புத் திருமேனிகளையும் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் நீர்நிலைகளையும் பாருங்கள். வீரநாராயணன் என்ற பட்டப்பெயருடைய முதலாம் பராந்தகன் காலத்து வீராணம் ஏரி, இன்றும் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்து வயல்களுக்குப் பாய்வதோடு சென்னையின் குடிநீருக்கும் உதவுகிறது. கோயில் விளக்குக்கு ஆடு விட்ட அறக்கட்டளைகளைப் படிக்கும்போது, ‘சாவா மூவாப் பேராடு’ என்ற தொடரைக் கவனியுங்கள். ஆடுகள் இறந்தாலும் மூத்தாலும் எண்ணிக்கை குறையாமல் ஈடுசெய்யப்பட வேண்டும் என்பது அதன் பொருள். விளக்கெரிக்கும் பொறுப்பை அரண்மனையிடம் விடாமல் ஊரிடமும் இடையரிடமும் ஒப்படைத்ததால்தான், அரசு மாறியபோதும் அத்தகைய ஏற்பாடுகள் தொடர முடிந்தது.

கடைசியாகக் கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் சென்று, கோயிலைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள மாளிகைமேட்டுக்கும் தவறாமல் நடந்து செல்லுங்கள். முதலாம் இராசேந்திரனின் அரண்மனையில் அகழாய்வில் வெளிப்பட்ட செங்கல் அடித்தளங்களே அங்கே மிஞ்சியிருக்கின்றன. கோயிலின் மதிற்கற்களோ, 1836ஐ ஒட்டிக் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டுவதற்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டன.