குடும்பப் பெயரை வைத்து இனம் சொல்லாதீர்கள்

கார்சியா, மென்டோசா என்று பெயர் இருந்தால், "அப்ப உங்க தாத்தா ஸ்பெயின்காரரா?" என்று பிலிப்பைன்ஸ்காரரிடம் கேட்டுவிடுகிறோம். பெரும்பாலும் இல்லை. 1849-இல், அங்கே ஸ்பெயின் ஆண்ட காலத்தில், கவர்னர் ஜெனரல் கிளாவெரியா, வரி வசூலும் ஆள் கணக்கும் குழம்பாமல் இருக்க, அகரவரிசைப் பெயர்ப் பட்டியல் ஒன்றைப் பக்கம் பக்கமாக ஊர்களுக்கு அனுப்பினார். மக்கள் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அல்பாய் மாகாணத்தின் ஓவாஸ் ஊரில் பெரும்பாலான குடும்பப் பெயர்கள் இன்றும் 'ஆர்' (R) எழுத்தில்தான் தொடங்குகின்றன. ரத்தத்தைவிடக் காகிதம் சொல்லும் கதை அது.

எதிர்ப்பக்கமும் உண்டு. உள்ளூர்ப் பெயர் போல ஒலிக்கும் 'கொஹுவாங்கோ', சீனாவின் ஃபூஜியனிலிருந்து வந்தவரின் பெயர். கடைசியில் உள்ள 'கோ', ஹொக்கியன் சீனத்தில் அண்ணன். முன்னாள் அதிபர் கொராசோன் அக்கினோ பிறந்த குடும்பம் இதுதான். மணிலா அருகே காயின்டாவில் இந்திய முகச்சாயல் தெரிந்தாலும் வியக்க வேண்டாம். 1762-இல் மணிலாவைப் பிடிக்க ஆங்கிலேயர் சென்னையிலிருந்து கப்பலேற்றிய சிப்பாய்களில் சிலர் திரும்பாமல் அங்கேயே குடும்பம் நடத்தினார்கள்.

அடுத்தது மொழி. பிலிப்பைன்ஸ்காரர் எல்லோரும் தகாலோகர் (மணிலா பக்கத்துத் தகாலோக் மொழி இனத்தார்) இல்லை. 2020 கணக்கெடுப்பில் அவர்கள் 26 சதவீதம்தான். செபுவானோ மொழியைத் தகாலோக்கின் வட்டார வழக்கு என்று சொல்லிவிடாதீர்கள், கோபம் வரும். நியாயமான கோபம்தான். 'லங்கம்' என்றால் தகாலோக்கில் எறும்பு, செபுவானோவில் பறவை!

மதத்தில்தான் அதிகம் சறுக்குகிறோம். கத்தோலிக்கர் 79 சதவீதத்துக்குச் சற்றே குறைவு, முஸ்லிம்கள் 6.4. மகெல்லன் 1521-இல் சிலுவையோடு வந்திறங்கியபோது தெற்கே சுலு தீவுகளில் இஸ்லாம் ஏற்கெனவே வேர்விட்டிருந்தது. அந்த முஸ்லிம்களை 'மோரோ' என்று ஒரே பெயரில் அழைத்தாலும் தாவ்சுக், மரனாவ், மகிந்தனாவ் மக்களுக்குத் தனித்தனி மொழிகள். தெற்கிலுள்ள பெரிய தீவான மிந்தனாவ் என்றாலே முஸ்லிம் பகுதி என்பதும் தவறு. அங்கும் கிறிஸ்தவர்களே பெரும்பான்மை. மோரோக்களில் சேராத லுமாத் பழங்குடிகள் வேறு இருக்கிறார்கள்.

சரி, கிறிஸ்தவர்தானே என்று 'டினுகுவான்' குழம்பைப் பரிமாறலாமா? பன்றி ரத்தம் ஊற்றிச் செய்வது அது. 1914-இல் பதிவான இக்லேசியா நி கிறிஸ்டோ சபையினர் அதைத் தொட மாட்டார்கள். கிறிஸ்துமஸும் கொண்டாடுவதில்லை. சோறு போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.