விட்ரோப் ஏற்றம் சிமுலேட்டரில் சரியான விதம்

ஸ்காட்லாந்தின் எடின்பரோவையும் இங்கிலாந்தின் கார்லைலையும் இணைத்த வேவர்லி ரயில் பாதை 1969 ஜனவரியில் மூடப்பட்டது. அதை ரயில் ஓட்டும் கணினி விளையாட்டான ட்ரெயின் சிமுலேட்டரில் அமைத்தபோது, நியூகாசில்டனிலிருந்து விட்ரோப் சுரங்கம் வரையிலான ஏற்றம்தான் படுத்தி எடுத்தது. எனக்குக் கிடைத்த செயற்கைக்கோள் உயரத் தரவில் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். குறுகலான மண்கரையும் வெட்டுப்பள்ளமும் அதில் தெரியாது. அதன்மேல் தண்டவாளம் போட்டால் ரயில் குதித்தது.

வரிசையை மாற்றினேன். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகத் தரும் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பு) வரைபடங்களில் வளைவுகளைப் பிடித்து, சரிவை 75-க்கு 1 (75 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும்) என்று வைத்து முதலில் தண்டவாளம் போட்டேன். பிறகுதான் நிலத்தை அதற்கேற்ப உயர்த்தினேன், தோண்டினேன். ரயில் சீராக ஏறியது.

சுரங்கத்துக்கு வடக்கே ஷாங்கெண்ட் பாலத்தின் 15 வளைவுகளும் இன்றும் நிற்கின்றன, புகைப்படங்களே போதும். ரிக்கார்டன் சந்திப்புக்குத்தான் அதிக நேரம் கொடுத்தேன். பல்லாண்டுகள் சாலையே இல்லாமல் ரயிலை நம்பி வாழ்ந்த ஊர் அது. வீடுகள் இல்லாமல் எப்படி விடுவது?